கையால் பாடுகிறவர்கள்

எங்கள் சபையில் எனக்கு வாயாடி என்று பெயர். பிறந்ததிலிருந்து என் வாயிலிருந்து ஒரு சொல்லும் வந்ததில்லை, காதில் ஒரு சத்தமும் விழுந்ததில்லை. ஆனால் கை சும்மா இருக்காது. சாப்பிடும்போது பேசுவேன், படி ஏறும்போது பேசுவேன், ஜெபத்தின் நடுவில் பக்கத்தில் நிற்பவளின் தோளைத் தட்டிப் பேசுவேன். அதனால் அந்தப் பெயர். இங்கே ‘சொன்னாள்’, ‘கேட்டான்’ என்று நான் எழுதுவதெல்லாம் கையால் சொன்னது, கண்ணால் கேட்டது. காகிதத்தில் கை கையாக வரைந்துகொண்டிருக்க முடியாது என்பதால் உங்கள் வாய்ப்பேச்சிலேயே எழுதுகிறேன். உங்களுக்காக நான் செய்யும் சலுகை இது ஒன்றுதான்.

நாங்கள் கூடுவது ஒரு மரக்கடையின் மாடியில், வாடகைக்கு எடுத்த ஒரே அறையில். தரை முழுக்கப் பலகை. அந்தப் பலகைக்காகத்தான் அந்த இடத்தையே பிடித்தோம். மூலையில் ஒரு பெரிய டிரம் தரையோடு ஒட்டி நிற்கும். அதை அடித்தால் அதிர்வு பலகை வழியாக உள்ளங்காலுக்கு வந்து முழங்கால்வரை ஏறும். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் எல்லோரும் நிற்போம். ‘ஆமென்’ என்பதற்கு எல்லோரும் சேர்ந்து வலது காலால் தரையில் ஓர் உதை. நாற்பது பேர் உதைத்தால் கீழே கடைக்காரரின் மேசையெல்லாம் தூசி. திங்கட்கிழமைதோறும் அவர் மாடிக்கு வந்து திட்டுவார். வாயசைவைப் பார்த்தால் நல்ல வார்த்தைகளாகத் தெரியாது. வாடகை வாங்குகிற மனிதர், திட்டட்டும் என்று சிரித்துக் கும்பிட்டு அனுப்பிவிடுவோம்.

காது கேட்கிறவர்கள் யாராவது வந்து பார்த்தால், என்ன அமைதியான ஆராதனை என்று உருகுவார்கள். அமைதியாவது! வாரம் முழுக்க எங்களுக்குப் பேச ஆள் கிடையாது. கடையில் விரலைக் காட்டிச் சாமான் வாங்குகிறோம். பேருந்தில் எவனாவது வாயை அகலத் திறந்து கத்துவான், கத்தினால் கேட்டுவிடும் என்ற நினைப்பில். ஞாயிறு காலை அந்தப் படியேறி மேலே போனதும் நாற்பது ஜோடிக் கைகள் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருக்கும். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிடும். இத்தனை வருஷமாகியும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

பாட்டை எடுத்துக்கொடுப்பது என் அண்ணி. என் அண்ணனின் மனைவி. எங்கள் வீட்டில் மூன்று பேருக்குமே காது கேட்காது. அண்ணன் சுவருக்கு வர்ணம் அடிக்கிறவன். அண்ணியும் நானும் ஒரே தொழிற்சாலையில் வேலை. அண்ணியின் கைகள் அழகானவை என்று சொல்ல மாட்டேன். தகரம் கிழித்த தழும்புகள், தேய்ந்த நகங்கள். ஆனால் முன்னால் நின்று அவள் ‘பரலோகம்’ என்று பாடும்போது பார்க்க வேண்டும். இரண்டு கையும் நெஞ்சிலிருந்து கிளம்பி, முகத்தைத் தாண்டி, தலைக்கு மேலே போய் விரியும். கூடவே நாற்பது பேரின் கையும் மேலே போகும். டிரம் காலைத் தூக்கும். அந்த ஒரு நொடி நாங்கள் எல்லோரும் உள்ளே போய்விட்டு வந்த மாதிரி இருக்கும். நான் பெரிய பக்திமான் ஒன்றும் இல்லை, ஜெபத்தில் தூங்குகிறவள்தான். அந்த நொடியை மட்டும் நான் நம்பாமல் இருந்ததே இல்லை.

சபையை நடத்துகிறவர் ஒரு தையல்காரர். அவரும் எங்களைப் போலத்தான். ஒருமுறை வெளியிலிருந்து வந்த ஒரு போதகர், பரலோகத்தில் உங்கள் செவிகள் திறக்கும், நாவுகளின் கட்டு அவிழும் என்று ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்தார். ஒரு பெண் பக்கத்தில் நின்று அதைக் கைப்பேச்சில் சொன்னாள். எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டினோம். அவர் கீழே இறங்கிப் போனதும் தையல்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “அங்க போனா தேவதூதருக்கெல்லாம் நாமதான் கைப்பேச்சு கத்துக்குடுக்கணும். பெரிய வேலை காத்துக்கிட்டிருக்கு.”

அண்ணி சிரிக்கவில்லை. “எனக்குக் காது எதுக்கு?” என்றாள். “இந்தக் கையோட போய்ச் சேர்ந்தாப் போதும்.”

தொழிற்சாலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வர்ண டப்பாவுக்குத் தகர மூடி அடிக்கிற இடம். அங்கே பிரஸ் பிரிவில், தகரத்தை அச்சில் வைத்து அழுத்தி மூடியாக்குகிற பிரிவில், பாதிப் பேர் எங்கள் ஆட்கள். அந்தச் சத்தத்தில் வேலை செய்தால் மற்றவர்களுக்குக் காது போய்விடுமாம். எங்களுக்குப் போக என்ன இருக்கிறது என்று எவனோ ஒரு புத்திசாலி கணக்குப் போட்டிருக்கிறான். என் மிஷினும் அண்ணியின் மிஷினும் முகத்துக்கு முகம் நிற்கும். மேல் அச்சுக்கும் கீழ் அச்சுக்கும் நடுவே ஒரு முழ உயரத்துக்கு இடைவெளி. அதன் வழியாகத்தான் அவள் எனக்குத் தெரிவாள், நான் அவளுக்குத் தெரிவேன்.

மிஷினின் முன்பக்கம், இடுப்பு உயரத்தில், வலப்புறம் ஒன்றும் இடப்புறம் ஒன்றுமாக இரண்டு பச்சைப் பொத்தான்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் இரண்டு கையாலும் அழுத்தினால்தான் மேல் அச்சு இறங்கும். கை அச்சுக்குள் மாட்டாமல் இருக்க அப்படி வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான், வாயால் பேசுகிறவர்களுக்கு. அவர்கள் இரண்டு பொத்தானையும் பிடித்துக்கொண்டே ஊர்க்கதை முழுக்கப் பேசலாம். எங்களுக்கோ எட்டு மணி நேரமும் வாயைக் கட்டிப்போட்டது போல. அதனால் எங்கள் ஆட்கள் ஒரு வேலை செய்வோம். ஒரு பொத்தானை அமுக்கி, அதன்மேல் பழுப்பு டேப்பை இறுக்கி ஒட்டிவிடுவோம். அப்புறம் ஒரு கையால் மிஷினை ஓட்டிக்கொண்டு மறு கையால் பேசலாம். சூப்பர்வைசர் வருகிற நேரத்துக்குள் உரித்துவிடுவோம்.

அண்ணி மட்டும் ஒட்ட மாட்டாள். அடுத்தவர் ஒட்டினாலும் திட்டுவாள். “கை போச்சுன்னா பாட்டு போச்சுடி” என்பாள்.

அது நடப்பதற்கு முந்தின வியாழக்கிழமை பாட்டுப் பயிற்சிக்கு நான் போகவில்லை. பெரிய காரணம் ஒன்றும் இல்லை, சோம்பல். புதுப் பாட்டு. கடைசி அடி எப்படி என்று எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் நின்று திருதிருவென்று முழிக்கக் கூடாது என்பதற்காக, டீ நேரத்தில் அண்ணி வருவதற்கு முன்னால் அவளுடைய மிஷினில் வலது பொத்தானுக்கு நானே டேப் ஒட்டினேன். அவள் வந்து பார்த்தாள். இடைவெளி வழியாக என்னை முறைத்தாள். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டு கெஞ்சினேன். “ஒரே ஒரு தடவை அண்ணி. கடைசி அடி மட்டும் காட்டு. அப்புறம் உரிச்சிடு.”

அவள் சிரித்துவிட்டாள். என்மேல் அவளுக்கு அவ்வளவு பிரியம். நான் கெஞ்சினால் மறுக்க மாட்டாள்.

பாதி அடியை ஒரு கையால் காட்டினாள். அடுத்த சொல்லுக்கு இரண்டு கை வேண்டும். எனக்கு நன்றாகத் தெரிய வேண்டும் என்று முன்னால் குனிந்து, இரண்டு கையையும் அந்த இடைவெளிக்குள் கொண்டுவந்து விரித்தாள். குனிந்ததில் அவள் வயிறு இடது பொத்தானில் பட்டது.

மேல் அச்சு இறங்கியதை என் காலில் உணர்ந்தேன். வழக்கமான அதிர்வுதான். வழக்கத்தைவிடக் கொஞ்சம் மெத்தென்று இருந்தது.

நான் ஓடினேன். இதைத்தான் எழுத வந்தேன், இதுவரை எழுதியதெல்லாம் சுற்றி வளைத்ததுதான். மிஷினைச் சுற்றி ஓடி அவள் பக்கம் போனதும் நான் முதலில் என்ன செய்தேன் தெரியுமா? அவளைப் பிடிக்கவில்லை. மெயின் சுவிட்சை அணைக்கவில்லை. டேப்பை உரித்தேன். உரித்து, உருட்டி, என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் சுவிட்ச். அண்ணி மயங்கவில்லை. கை இரண்டும் உள்ளே மாட்டியபடி, தலையைத் திருப்பி, நான் உரித்ததைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் இரண்டு கையையும் மணிக்கட்டுக்கு மேலேயே எடுத்துவிட்டார்கள்.

எட்டாம் நாள் தொழிற்சாலை அதிகாரி ஒருவர் படிவத்தோடு வந்தார். கூட, போதகர் வந்தபோது மொழிபெயர்த்த அதே பெண். கட்டிலின் ஒரு பக்கம் அண்ணன், கால்மாட்டில் நான். பொத்தானில் பசை ஒட்டியிருந்ததாம். டேப் ஒட்டப்பட்டிருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். யார் ஒட்டியது என்பதுதான் கேள்வி. அதிகாரி கேட்டதை அந்தப் பெண் கையால் கேட்டாள்: “பொத்தானுக்கு டேப் ஒட்டினது நீங்களா?”

அண்ணி என்னைப் பார்த்தாள். அவள் சொல்ல நினைத்திருந்தாலும் எதால் சொல்வாள்? எழுத்து அவளுக்கு அவ்வளவாக வராது, வந்தாலும் பேனா பிடிக்க முடியாது. ஆமாம் என்று தலையை ஆட்டலாம், இல்லை என்று ஆட்டலாம். அவ்வளவுதான் அவளிடம் மிச்சம் இருந்த பேச்சு. அவள் ஆமாம் என்று ஆட்டினாள்.

அதிகாரி எழுதி முடித்துப் பேனாவை மூடினார். அப்போது எனக்கு வந்தது துக்கம் என்று எழுத ஆசைதான். வந்தது நிம்மதி. தப்பித்தோம் என்ற நிம்மதி. வெளியே வந்து தண்ணீர் குடித்தேன், தண்ணீர் இனித்தது. நான் எப்பேர்ப்பட்டவள் என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்தபின் நரகம் ஆரம்பித்தது. அண்ணன் நல்லவன், ஆனால் துக்கம் வந்தால் கேள்வியாகக் கேட்கிறவன். வேலை விட்டு வந்ததும் வர்ணம் காயாத கையோடு அவள் முன்னால் உட்காருவான். “ஊருக்கெல்லாம் புத்தி சொல்லுவியே, நீ ஏன் ஒட்டின?” பதில் வராது என்று தெரிந்தும் கேட்பான். “அப்படி என்ன தலைபோற பேச்சு? யார்கிட்ட? சொல்லு.” அண்ணி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். கட்டுப் போட்ட இரண்டு கையும் மடியில் கிடக்கும். நான் சமையலறையில் பாத்திரத்தைத் தேய்த்ததையே தேய்த்துக்கொண்டிருப்பேன்.

அவளுக்குத் தலை வாரிவிட்டேன், குளிப்பாட்டினேன், உடை மாற்றினேன். எல்லாவற்றுக்கும் இணங்கினாள். ஆனால் அவள் எதிரில் போய் நின்று நான் கையைத் தூக்கினால் போதும், கண்ணை மூடிக்கொள்வாள். கண்ணை மூடிவிட்டால் எங்களிடம் அதற்கு மேல் பேச வழி இல்லை. கதவைச் சாத்தித் தாழ் போட்டதற்குச் சமம். ‘என்னை மன்னிச்சிடு’ என்று நான் எத்தனையோ தடவை அவளுடைய மூடிய இமைகளிடம் சொல்லியிருக்கிறேன்.

தையல்காரர் பார்க்க வந்தார். அழுதார், ஜெபித்தார். பிறகு ஆறுதலுக்காக ஒன்று சொன்னார்: “கவலைப்படாதேம்மா. அங்க உனக்குக் கை திரும்பக் கிடைக்கும். புதுசா, முழுசா, பத்து விரலோட. கர்த்தர் எடுத்து வச்சிருக்கார்.”

அண்ணியின் முகம் அன்றைக்குத்தான் முதல்முதலாகத் தெளிந்தது. தையல்காரருக்குச் சந்தோஷம். தன் ஆறுதல் பலித்துவிட்டது என்று நினைத்துப் போனார். மறுநாள் காலையிலிருந்து அண்ணி சாப்பாட்டை நிறுத்திவிட்டாள்.

முதலில் எங்களுக்குப் புரியவில்லை. அண்ணன் கரண்டியை வாயருகே கொண்டுபோவான், அவள் முகத்தைத் திருப்புவாள். தண்ணீர் மட்டும் குடிப்பாள். ரொம்பக் கெஞ்சினால் இரண்டு வாய் கஞ்சி, அதோடு சரி. கோபம் இல்லை, அழுகை இல்லை. வெளியூர் போகிறவர்கள் பை கட்டி வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்களே, அந்த மாதிரி உட்கார்ந்திருந்தாள். டாக்டர் வந்து பார்த்து, புண் ஆறுகிறது, ஆள்தான் தேய்கிறாள், இப்படியே போனால் ரொம்ப நாள் தாங்காது என்று சீட்டில் எழுதிக் காட்டினார். அண்ணன் சீட்டைப் படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

எனக்குப் புரிந்துவிட்டது. கை அங்கே இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். அவள் கையை வாங்கிக்கொள்ளப் போகிறாள்.

தையல்காரரின் கடைக்கே ஓடினேன். கத்தரியைக் கீழே வைக்கவிடாமல் அவர் முகத்துக்கு நேராகக் கையை ஆட்டிச் சண்டை போட்டேன். “பரலோகத்தைக் காட்டி அவளைக் கொன்னுட்டீங்க. எல்லாரும் சேர்ந்து கையைத் தூக்கிப் பாடினப்ப நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப அவ நிஜமாவே போறா.”  வெட்டிய துணிமேல் அவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அவரைத் திட்டியதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேறொருவன் தலையில் பாவத்தை ஏற்றி வைத்தால் நம் தலை கொஞ்ச நேரத்துக்கு லேசாகத்தான் இருக்கிறது.

ஐந்தாம் வாரம், ஞாயிறு காலை, அண்ணி வாசற்கதவின் பக்கத்தில் போய் நின்றாள். கதவைக் காலால் தட்டினாள். சபைக்குப் போக வேண்டுமாம். அண்ணன் அவளைத் தூக்கிக்கொண்டுதான் மாடிப்படி ஏறினான். அவளிடம் கனமே இல்லை என்று என்னிடம் கண்ணால் சொன்னான்.

உள்ளே போனதும் நாற்பது பேரின் கையும் அப்படியே நின்றுவிட்டது. பேசிக்கொண்டிருந்தவர்கள் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்கள். கை இல்லாதவள் எதிரில் கையை எப்படி ஆட்டுவது என்று கூச்சம். பாட்டு நேரம் வந்தது. டிரம் அதிர்ந்தது, யாரும் பாடவில்லை. நானாவது பாடலாமா என்றால் எனக்கு என் கையைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அண்ணி சுவரில் சாய்ந்து நின்றவள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு காலால் தரையை ஓங்கி உதைத்தாள். அந்த உடம்பில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. மறுபடி உதைத்தாள். இரண்டு கையையும் தூக்கினாள், அவை எதுவரை இருந்தனவோ அதுவரை. அதைப் பார்த்ததும் யாரோ ஒருத்தி அழுதுகொண்டே பாட ஆரம்பித்தாள், பின்னாலேயே இன்னொருத்தி, பிறகு எல்லோரும். அண்ணியின் முகம் மட்டும் பாடியது. கண், புருவம், உதடு, தோள், எல்லாம் பாடின. அவ்வளவு சந்தோஷத்தை நான் யார் முகத்திலும் பார்த்ததில்லை.  அது விடைபெறுகிறவளின் சந்தோஷம்.

பாட்டு முடிந்து சாட்சி நேரம். வழக்கமாக யாருக்காவது காய்ச்சல் விட்டது, யாருக்காவது வேலை கிடைத்தது என்று நன்றி சொல்வார்கள். அன்று அண்ணன் எழுந்து முன்னால் போனான். சட்டையைச் சரிசெய்துகொண்டு, மெதுவாக, எல்லோருக்கும் தெரியும்படி சொன்னான்: “என் சம்சாரம் சொல்பேச்சு கேக்காம டேப் ஒட்டினா. அது தப்புன்னு அவளுக்கும் தெரியும். சாப்பிட மாட்டேங்கிறா. அந்தக் குத்த உணர்ச்சிதான் அவளைத் தின்னுதுன்னு நினைக்கிறேன். கர்த்தர் அவளை மன்னிக்கணும்னு எல்லாரும் வேண்டிக்குங்க.”

நாற்பது கால்கள் தரையை உதைத்தன. ஆமென்.

அது என் உள்ளங்காலில் ஏறி, முழங்காலைத் தாண்டி, நெஞ்சுக்கு வந்துவிட்டது. நான் செய்ததற்கு அவளுக்காக நாற்பது பேர் மன்னிப்புக் கேட்கிறார்கள். பலகை இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. நான் முன்னால் போய் நின்றபோது, வாயாடி வந்துவிட்டாள் என்று ஒன்றிரண்டு பேர் சிரித்ததும் தெரிந்தது.

“ஒட்டினது நான்” என்றேன். “அண்ணிக்குத் தெரியாம அவ மிஷின்ல ஒட்டினேன். பாட்டோட கடைசி அடி காட்டுன்னு கெஞ்சினேன். எனக்குக் காட்டத்தான் கையை உள்ள விட்டா. கை மாட்டினதும் நான் போய் டேப்பை உரிச்சேன். அவளைத் தொடக்கூட இல்ல, முதல்ல டேப்பை உரிச்சேன். அதிகாரி கேட்டப்ப அவ எனக்காகப் பொய் சொன்னா. நான் பக்கத்துலயே நின்னுக்கிட்டிருந்தேன்.”

சொல்லும்போதே அண்ணியைப் பார்த்தேன். கண்ணை மூடிவிடுவாள் என்று பயந்தேன். மூடவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன் எழுந்து வந்தான். அடிப்பான் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் எதிரில் நின்று, “தினமும் நான் அவகிட்டக் கேட்டேனே, நீ பாத்துக்கிட்டுத்தானே இருந்த?” என்றான். நான் தலையாட்டினேன். “நாளைக்கு ஆபீஸ்ல வந்து இதையே சொல்லு.” சொல்கிறேன் என்றேன். அவன் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டான்.

 தையல்காரர் பாவம், என்ன செய்வதென்று தெரியாமல் அடுத்ததாகச் செய்ய வேண்டியதைச் செய்தார். அன்று திருவிருந்து, கர்த்தரின் உடலாக அப்பம் பகிர்கிற நாள். அப்பத் தட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போனார். அண்ணியிடம் வந்ததும் தட்டோடு நின்றுவிட்டார். அண்ணன் ஒரு துண்டை எடுத்து அவள் வாயருகே கொண்டுபோனான். அவள் முகத்தைத் திருப்பினாள்.

“இதுவுமா வேணாம்?” என்றான் அண்ணன். 

அண்ணி மோவாயைத் தூக்கி என்னைக் காட்டினாள். நான் இல்லை என்று தலையாட்டினேன். அவள் காலால் ஓர் உதை உதைத்தாள். போனேன். தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்தேன். அவள் வாயைத் திறந்தாள். வைத்தேன். வாய் மூடியது, என் விரலோடு.

தெரியாமல் கடித்துவிட்டாள் என்றுதான் முதலில் நினைத்தேன். கண்ணைப் பார்த்தேன். தெரிந்துதான். பல் இறங்கிக்கொண்டே போனது. நான் அசையாமல் நின்றேன் என்று பெருமையடிக்க மாட்டேன், இழுக்கத்தான் பார்த்தேன், அவள் விடவில்லை. அண்ணன் ஓடிவந்து அவள் தாடையைப் பிடிக்கப் போனான். தையல்காரர் தட்டோடு குறுக்கே நின்று அவனைத் தடுத்தார். ஐந்து வாரமாக அண்ணி என்னிடம் சொல்ல முடியாமல் வைத்திருந்ததை அப்போது சொன்னாள். அவ்வளவையும் சொன்னாள். நான் கேட்டேன்.

அவள் விட்டபோது ரத்தம் வந்தது. அப்பம் தரையில் விழுந்து கிடந்தது. தையல்காரர் குனிந்து அதை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டு தட்டை மறுபடி நீட்டினார். இடது கையால் இன்னொரு துண்டை எடுத்து வைத்தேன். மென்றாள். கண்ணிலிருந்து நீர் கொட்டிக்கொண்டிருந்தது, மென்று விழுங்கினாள். பிறகு மறுபடி வாயைத் திறந்தாள்.

திருவிருந்தில் ஆளுக்கு ஒரு துண்டுதான். நான் தையல்காரரைப் பார்த்தேன். அவர் தட்டை இன்னும் கிட்டே கொண்டுவந்தார். வைத்தேன். விழுங்கிவிட்டுத் திறந்தாள். வைத்தேன். பசி வந்த குழந்தை மாதிரி, முந்தினது தொண்டையில் இறங்குவதற்குள் அடுத்ததற்கு வாய் திறந்தது. அண்ணன் அவள் காலடியில் தரையில் உட்கார்ந்து, வர்ணக் கறை படிந்த கையால் அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டான். வரிசையில் மிச்சம் இருந்தவர்கள் தங்கள் முறைக்குக் காத்துக்கொண்டு நின்றார்கள். நான் ஊட்டிக்கொண்டே இருந்தேன், தட்டு காலியாகும்வரை.

அன்றைக்கு எங்கள் சபையில் பாதிப் பேருக்கு அப்பம் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்று யாரும் சொல்லவும் இல்லை.